முப்பதுக்குப் பத்து

சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியிருக்கிறது:
இங்கு மருத்துவம் முற்றிலும் இலவசம்.
உப்புக்காற்று முதலில் தின்றது
'முற்றிலும்' என்பதைத்தான்.

என் வேலை மாத்திரை கொடுப்பது.
ஜன்னலுக்கு உள்ளே நான், ஒரு கத்தரிக்கோல்,
மூன்று பதிவேடுகள், ஒரு கணினி.
வெளியே வரிசை.

டாக்டர் சீட்டில் முப்பது என்று எழுதுவார்.
வாரத்தில் மூன்று நாள்தான் இங்கே,
மற்ற நாளில் வேறு இரண்டு ஊருக்கும் அவரே.
எழுதும்போது அலமாரிப் பக்கம் திரும்பமாட்டார்.
திரும்பினால் எழுத முடியாது.
நான் திரும்புவேன்.
பத்து வெட்டுவேன்.
"மிச்சத்துக்குப் பத்து நாள் கழிச்சு வாங்க."

கணினியில் எங்களிடம் ஆயிரத்து இருநூறு இருக்கிறது.
அலமாரியில் நாற்பதைத் தாண்டாது.
நடுவில் உள்ளது ராமநாதபுரத்துக் கிடங்கிலிருந்து
கிளம்பிவிட்டதாம், திருவிழாவுக்கு முன்பே.
எந்தத் திருவிழா என்று நான் கேட்கவில்லை.
'இருப்பு இல்லை' என்று அழுத்தினால்
விளக்கம் கேட்டு போன் வரும்.
மருந்து வராது.

சடைமுனியன்வலசை நம்புத்தாய் பாசி எடுக்கிறவள்.
பாறை கிழிக்காமலிருக்க விரல் விரலாய்த் துணி சுற்றி,
கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்குவாள்.
ரத்த அழுத்தம் நூற்றெண்பது.
மூச்சைப் பிடிக்கிறவளுக்கு ஆகாத எண்.

இங்கே வர அவளுக்கு இலவச பஸ் உண்டு.
ஆறேகாலுக்கு ஒன்று, அது கடலில் இறங்குகிற நேரம்.
பகல் ஒன்றரைக்கு ஒன்று,
சீட்டுப் போடுவது பன்னிரண்டோடு முடிந்துவிடும்.
ஆகவே ஷேர் ஆட்டோ, போக வர நாற்பது.
ஆகவே ஒரு நாள் பாசி,
நல்ல வத்தமாக இருந்தால் ஐநூறு, அறுநூறு.
இலவசத்தின் இந்த விலையை எழுத
மூன்று பதிவேட்டிலும் பத்தி இல்லை.

பத்தாம் நாள் அவள் வரவில்லை.
இருபதாம் நாளும்.
முப்பத்தொன்றாம் நாள்
முடியில் உப்பு காய்ந்து வெளுத்திருக்க
புத்தகத்தை நீட்டினாள்.

"பத்து நாளைக்குத்தானே குடுத்தேன்,
இத்தனை நாள் என்ன செஞ்சீங்க?"

"நேத்து ராத்திரி வரைக்கும் இருந்துச்சே.
டாக்டரு முப்பது நாளைக்குன்னாரு,
நீங்க பத்து குடுத்தீங்க.
மூணு நாளைக்கு ஒண்ணு.
பள்ளிக்கூடம் போகலம்மா,
ஆனா பங்கு போடத் தெரியும்."

சரியாகத்தான் வகுத்திருந்தாள்.
மீதி வரவில்லை.

போன மாதப் பக்கத்தில் அவள் பெயருக்கு நேராக
'வழங்கப்பட்டது' என்று என் கையெழுத்து.
பொய் இல்லை.
கூட்டி மேலே அனுப்பினேன், அவர்கள் இன்னும் மேலே.
எங்கோ ஏசி அறையில்
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று
ஒருவர் வாசித்திருப்பார்.
அதற்குள் இருக்கிறது அவளுடைய பத்து,
அவள் வெறும் தண்ணீர் குடித்துப் படுத்த
இருபது ராத்திரியும்.

தினமும் ஒன்று போடவேண்டும் என்றேன்.
"அப்ப மிச்ச இருபது நாளைக்கு?"
கேலி இல்லை அதில்.
ஏஜென்டிடம் ஈரப்பாசிக்கு எடை கேட்பாளே,
அந்தக் குரல்.

அன்று முப்பதையும் கொடுத்தேன்.
மூன்று அட்டை, கத்தரி படாமல்.
அவள் வாங்கவில்லை.
முந்தி முடிச்சில் கை வைத்துக்கொண்டு
"எவ்வளவு?" என்றாள்.

காசு வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன்.
சுவரைக்கூடக் காட்டினேன்.
வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு,
திருடியதைப்போல இடுப்பில் செருகிக்கொண்டு
வேகமாக நடந்தாள்.

அலமாரியில் பத்து.
வரிசையில் பதினோரு பேர்.
முதல் ஆள், ஏர்வாடி சீனி நைனா,
ஜன்னலுக்குள் கையை விட்டு
டாக்டரின் முப்பதை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

நம்புத்தாய் அதற்குள் ஆட்டோ ஏறிவிட்டாள்.
இல்லாவிட்டால் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்,
பத்தைப் பதினொன்றுக்கு
எப்படிப் பங்கு போடுவது என்று.